பந்த்ரா என்றால் பதினைந்து

மீன் விற்கிறவர்கள் சங்கத்துக்குத் தலைவரை எடுக்க அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் மாதிரி இப்படி ஒரு சுற்றுவழி எதற்கு என்று நான் அப்போதே கேட்டேன். யார் காதில் விழுந்தது? போர்ட் பிளேரில் எங்கள் சங்கத்துக்கு மூன்று மார்க்கெட். ஒவ்வொரு மார்க்கெட்டும் பத்து டெலிகேட்டை அனுப்ப வேண்டும். வேட்பாளர்கள் வாங்கிய ஓட்டுக்கு ஏற்றபடி அந்தப் பத்து பேரும் பங்காவார்கள்; பங்கு கிடைக்கிறவருக்குக் குறைந்தது இரண்டு பேர். பிறகு முப்பது டெலிகேட்டும் அபர்டீன் பஜாரில் ஒரு ஹாலில் கூடி, பதினாறு பேர் யார் பக்கமோ அவரைத் தலைவர் ஆக்குவார்கள்.

எங்களுக்குத் தலைவர் பதவி வேண்டாம், இடம்தான் வேண்டும். எங்கள் மார்க்கெட்டுக்குப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. உள்ளே யார் யாருக்கு மீன் விற்கும் மேடை என்று பட்டியல் கொடுக்கப்போவது புதுத் தலைவர். ரோட்டோரம் கூடை வைத்து விற்கும் பெண்களின் பெயர் அதில் வராது என்று எல்லோருக்கும் தெரியும். தேர்தலில் நின்ற இரண்டு பெரிய மனிதர்களுமே சொந்தப் படகுக்காரர்கள். எங்கள் வாடையே அவர்களுக்கு ஆகாது, மீன் வாடை மட்டும் மணக்கும். அதனால் எங்களில் ஒரு அக்காவை மூன்றாவதாக நிறுத்தினோம். ஜெயிப்பதற்கு அல்ல. எங்கள் மார்க்கெட்டில் இரண்டு டெலிகேட் கிடைத்தால் போதும், பதினாறு சேராதவர் எங்களிடம் வந்து நிற்பார், அப்போது மேடையைக் கேட்கலாம் என்று கணக்கு.

என் கணவரின் அக்காவும் அந்த ரோட்டோர வரிசையில்தான் இருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. தரையில் குந்தினால் எழுப்பிவிட ஆள் வேண்டும். "ஒரு மேடை கெடச்சா நின்னுக்கிட்டே வித்துருவேன்ளா" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்வார்.

நான் தூத்துக்குடியில் பன்னிரண்டாவது வரை படித்தவள், கல்யாணமாகி இங்கே வந்து அப்போது மூன்று வருடம். படித்தவள் என்று ஓட்டுக் கணக்கை என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். ஓட்டுப் போடும் நாளன்று காலையில் சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து ஹிந்தியில் சட்டம் படித்தார். "பந்த்ரா பர்சென்ட் ஸே கம், தோ ஏக் பீ டெலிகேட் நஹீ!" மைக் கரகரவென்று இழுத்தது. இந்தச் சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு டெலிகேட்கூட இல்லை என்பது புரிந்தது. எத்தனை சதவீதம் என்பதில்தான் நான் நாசமாய்ப் போனேன். என் ஹிந்தி மீன் விற்கிற ஹிந்தி. இருபதுக்கு பீஸ் தெரியும், ஐம்பதுக்கு பச்சாஸ் தெரியும், நூறுக்கு சௌ தெரியும். பதினைந்து ரூபாய்க்கு எவர் மீன் கேட்கிறார்? 'பந்த்ரா' என் காதில் பன்னிரண்டாக விழுந்தது. பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவள் கேட்பாளா?

இருநூறு ஓட்டு விழும், பன்னிரண்டு சதவீதம் என்றால் இருபத்து நான்கு. எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்வர நான் வாசலில் விரல் விட்டு எண்ணினேன். மத்தியானத்துக்குள் இருபத்தாறு. அப்போது மைனி போன் செய்தார். கராச்சர்மா பஸ் ஸ்டாப்பில் தன்னோடு சேர்த்து எங்கள் பெண்கள் எட்டுப் பேர் நிற்கிறார்களாம், பஸ்ஸைக் காணோமாம்.

"ஆட்டோ புடிச்சு வந்துரட்டா?"

"வேண்டாம் மைனி. தாண்டியாச்சு, பக்கா. கால வச்சுக்கிட்டு அலையாதீங்க, வீட்டுக்குப் போங்க."

"நெசமாவாளா?"

"நான் எண்ணிட்டுத்தான் சொல்லுதேன்."

சாயங்காலம் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். மொத்தம் சரியாக இருநூறு. எங்கள் அக்காவுக்கு இருபத்தாறு. நான் கை தட்டினேன். தட்டியது நான் ஒருத்திதான். செயலாளர் கரும்பலகையில் 15 என்று எழுதி, பக்கத்தில் 30 என்று எழுதி, எங்கள் பெயருக்கு நேரே பெரிய பூஜ்யம் போட்டார். எங்களுக்கு வரவேண்டிய இரண்டு டெலிகேட்டை ஆளுக்கு ஒன்றாக அந்த இரண்டு பேருக்கும் கொடுத்தார்.

ஹாலில் பதினாறுக்குப் பதினான்கு. ஜெயித்தவரின் பதினாறில் ஒன்று எங்களுடையது. அது இல்லாமல் அவருக்குப் பதினைந்துதான், எங்கள் வாசலுக்கு வந்திருப்பார். பதினைந்து நாளில் பட்டியல் வந்தது. ரோட்டோரப் பெண்களில் ஒருத்தி பெயரும் இல்லை.

தப்பாகக் கேட்டது என் காதுதான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மைனியோ எனக்காக ஊரோடு சண்டை பிடித்தார். "அவ கணக்கு தப்பாது. அந்தத் திருட்டுச் சோர்கதான் பெட்டிய மாத்திட்டானுவ." ஒரு நாள் வெள்ளைத் தாளோடு வந்து என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓட்டுத் திருட்டு என்று மனு எழுத வேண்டுமாம். எத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, ஒரு திருட்டுப் பழியையும் எழுதுவதா? பேனா ஓடவில்லை. அழுகை வந்துவிட்டது.

"திருடல மைனி. பந்த்ரான்னா பதினஞ்சு. நான் பன்னெண்டுன்னு நெனச்சுட்டேன். முப்பது வேணும். நமக்கு இருபத்தாறுதான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். வெள்ளைத் தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாங்க எட்டுப் பேரு நின்னோமேளா" என்றார்.

நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

"சரி, அழாத. ரோட்டுலயும் உக்காரக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாவ. நாளைக்கு ஐஸ்ல மீன் வருது. நான் எங்க போய் உக்காரட்டும், அத மட்டும் சொல்லு."