எண்ணெய் போடாத ஃபில்டர்

புருஷனின் முதுகு கெட்டுப்போன வருஷத்திலிருந்து தண்ணீர் லாரியை ஓட்டுவது நிமியா ஒவெலார்தான். அந்த வருஷம் சாக்கோ வறள்வெளியில் குளங்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. புருஷன் போர்ஃபிரியோ கட்டிலில் மல்லாந்து கிடந்தான். லாரி நின்றால் அடுப்பும் நிற்கும். மாடு மேய்க்கும் வெளியில் அவளே ஓட்டிப் பழகினாள். முதல் மாதம் இரண்டு பண்ணைக்காரர்களின் கேட்டைப் பெயர்த்தாள். அடுத்த கோடைக்குள் எதிரே வருகிற மாட்டு லாரிக்காரர்கள் அவளுக்குக் கையாட்டிவிட்டுப் போகும் அளவுக்கு வந்துவிட்டாள்.

போர்ஃபிரியோ எழுந்து நடமாடினான். ஆனால் ஸ்டீயரிங் பிடித்து உட்கார முடியவில்லை. காலையில் மாமரத்தடியில் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு அவளுக்கு யோசனை சொல்வதே அவனுக்கு வேலையாகிப்போனது.

சாக்கோப் புழுதி மாவு மாதிரி. வடக்குக் காற்று கிளம்பினால் பல்லிடுக்கில்கூட நறநறக்கும். எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் காகித ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். புதிது வேண்டுமென்றால் தலைநகர் அசுன்சியோனிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். அதனால் போர்ஃபிரியோ ஒருநாள் கழுவிக் கழுவி மாட்டுகிற ஃபில்டர் ஒன்றை வாங்கி வந்தான். கம்பி வலைக்கு நடுவே மடிப்பு மடிப்பாகப் பருத்தித் துணி.

"ஆயுசுக்கும் இது ஒண்ணு போதும். கழுவு, காயவை, எண்ணெய் தடவு, மாட்டு. அவ்வளவுதான்."

"காகிதம்னா அழுக்கானதும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடலாம். இதைக் கழுவிக் காயவெச்சுக்கிட்டு யாரு உக்காந்திருக்கிறது, கெழவா?"

"நான் உக்காந்திருக்கேன். இந்த வண்டியில எனக்கும் ஒரு வேலை இருக்கட்டுமே."

அவள் ஃபில்டரை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தான். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் ஒருநாள் முழுக்கத் தொங்கவிட்டு, மடிப்பு மடிப்பாகச் சிவப்பு எண்ணெயைச் சொட்டு சொட்டாக விடுவான். எண்ணெய் பாட்டில் தீர்ந்தது. இன்னொன்று வாங்கவில்லை. பிறகு பெட்ரோலில் முக்கி, வேலிமேல் வெயிலில் போட்டு, அரைகுறையாகக் காய்ந்ததுமே மாட்டத் தொடங்கினான். துணி வெளிறிக் கிடப்பதை நிமியா பார்த்தாள்.

"எண்ணெய் எங்க?"

"எண்ணெய் போட்டா புழுதி போய் ஒட்டிக்கும்டி. சுத்தமா இருக்கிறதை எதுக்கு நாமளே அழுக்காக்கணும்?"

"ஒட்டிக்கத்தானே அதைப் போடறது? அங்க ஒட்டலைன்னா நேரா எஞ்சினுக்குள்ளதானே போகும்?"

"நான் மீசை முளைச்ச நாள்லேர்ந்து லாரியோட கிடந்தவன். நீ ரோட்டைப் பாரு."

அவள் ரோட்டைப் பார்த்தாள். பின்னால் நீலப் புகை வர ஆரம்பித்ததையும் பார்த்தாள். சொன்னபோதெல்லாம், "வண்டிக்கு வயசாகுதில்ல" என்றான்.

செப்டம்பரில், போசோ அமார்கோ ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோன மத்தியானம், லாரி மூச்சு வாங்கியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை தெரிகிற தூரத்தில் ஒரு உதறு உதறி நின்றுபோனது. கிணறு உப்புப் பாய்ந்த ஊர். இந்த லாரியை விட்டால் அவர்களுக்கு வேறு கதி இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஊரே ரோட்டுக்கு வந்தது. மோட்டார் சைக்கிளில் கேன்கள், கழுதை வண்டியில் பீப்பாய்கள், பெண்கள் கையில் பால் வாளிகள். ஊர்த் தலைவி பெலார்மினா வந்ததும் வராததுமாகக் குழாய்த் திருகைப் பிடித்து, யார் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் விட்டாள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

"நீ போய் நிழல்ல உக்காருமா. முகமெல்லாம் வெந்து போச்சு" என்றாள் பெலார்மினா.

அந்தப் பரிவுதான் நிமியாவுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ரோட்டில் சிந்திய தண்ணீரை மண் உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து லாரியை பெர்னபேயின் பட்டறையில் விட்டார்கள். பெர்னபே போர்ஃபிரியோவின் சீட்டாட்டக் கூட்டாளி. மறுநாள், போர்ஃபிரியோவும் நிமியாவும் பக்கத்தில் நிற்க, எஞ்சினைப் பிரித்தான். வேடிக்கை பார்க்க நாலைந்து லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"பிஸ்டன் வளையமெல்லாம் தேஞ்சு போச்சு" என்று பெர்னபே இழுத்தான். "அது வந்து... பல காரணம் இருக்கலாம்."

போர்ஃபிரியோ எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டான்: "என்ன பல காரணம்? ஓட்டுற லட்சணம்! மாட்டை அடிக்கிற மாதிரி மிதிச்சா எந்த எஞ்சின் தாங்கும்? பொம்பளை கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

யாரோ சிரித்தார்கள். நிமியா நேராகப் போய், ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் குழாயைப் பிடுங்கினாள். உள்ளே விரலை விட்டு வழித்தாள். விரல் நிறைய சாம்பல் நிறப் பொடி. அதைப் புருஷனின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக இழுத்துத் தேய்த்தாள்.

"இதை நான் மிதிச்சு உள்ள அனுப்பினேனா? சொல்லு! எண்ணெய் எங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்?"

அவள் பெர்னபே பக்கம் திரும்பினாள்.

"பிரிச்ச உடனே உனக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல? சீட்டாட ஆள் போயிடும்னுதானே வாயை மூடிக்கிட்டு நின்னே? தூ!"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எஞ்சினைச் சீர்செய்ய, வளர்த்த இரண்டு கிடாரிகளை விற்க வேண்டியதாயிற்று. அது முடிகிறவரை ஒன்றுவிட்ட தம்பியின் டிராக்டரில் தொட்டியை மாட்டி, பாதிப் பாதியாகப் போசோ அமார்கோவுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். வீட்டில் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து அவன் முன் வைப்பாள். பேச்சு கிடையாது.

லாரி திரும்பிய அன்று காகித ஃபில்டரைத் தானே மாட்டினாள். இன்னும் இரண்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் சொருகினாள்.

போர்ஃபிரியோ பக்கத்தில் வந்து நின்றான். "எண்ணெய் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். இனிமே ஒழுங்கா..."

"வேணாம்."

"கழுவுறதுல தப்பில்லடி. நான் செஞ்சதுதான் தப்பு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"கழுவுறதுல தப்பில்லன்னு எனக்கும் தெரியும். பொறுமையா செய்யறவன் கையில அது நல்ல சாமான்தான். உன் கையில இல்ல." ஃபில்டர் பெட்டி மூடியின் கிளிப்பை அழுத்தினாள். "பழியைப் பட்டறையில, நாலு பேர் நடுவுல கத்தின. மன்னிப்பை மட்டும் எதுக்கு வீட்டு வாசல்ல முணுமுணுக்கிற?"

ஞாயிற்றுக்கிழமை அவன் பட்டறைக்குப் போனான். அவள் கூடப் போகவில்லை. போர்ஃபிரியோ சீட்டு கலைக்கிற இடத்தில் நின்று, "வண்டி கெட்டது என்னால. அவ நல்லாத்தான் ஓட்டினா" என்று சொன்னதாக ஒரு லாரிக்காரர் பெட்ரோல் பங்கில் அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, முதுகு வலிக்கிறது என்று உடனே கிளம்பிவிட்டானாம்.

"லேட்டாத்தான் சொல்லியிருக்கான்" என்றாள் நிமியா. கோபம் போய்விடவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "உப்பு போதுமா?" என்று கேட்டாள்.