ஒரே டொலர், ஒரே குக்கர்

இதை எழுதாமல் விட்டிருப்பேன். நாடு பிரிவதைப் பற்றி எழுத, ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட உனக்கு என்ன தெரியும் என்று என் சோம்பலே கேட்டது. ஆனால் பிரிந்தால் யாருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு அபார்ட்மெண்டில் மூன்று பேர் இருந்தோம். கூட்டுச் சமையல். கறி வைப்பது ஒரே ஒரு நண்பன். சட்டி கழுவவேண்டியது மற்ற இருவர், நானும் இன்னொருவனும். நாங்கள் கழுவுவதில்லை. ஒரு ஞாயிறு அவன் அறிவித்தான்:

"நாளையில இருந்து நான் தனிச் சமையல். குக்கர் மட்டும் பொதுவா இருக்கட்டும்."

சோறு வைக்கும் குக்கர் என்னுடையது. அவன் போனால் எங்களுக்கு வெறுஞ்சோறுதான். எனக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் டவுன்டவுனில் வேலை. நான் கோப்பை கழுவும் உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் பிரெஞ்சு பேசும் கியூபெக் கனடாவிலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டும் என்பவர். அவரைச் சீண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. அன்று உண்மையாகவே அறிய விரும்பினேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன்:

"பிரிஞ்சா காசில ஆரின்ர தலையைப் போடுவியள்?"

"காசு மாத்த மாட்டம். கனடா டொலர்தான்."

"அப்ப வட்டியை ஏத்துறது ஆர்?"

"ஒட்டாவாவில இருக்கிற கனடா மத்திய வங்கி."

"அங்க உங்கட ஆள் ஒருத்தர் இருப்பாரோ?"

வெட்டிய வெங்காயத்தை ஒரு பக்கம் தள்ளினார். "அதைக் கதைச்சு முடிப்பம்."

"அவை கதைக்க வராட்டி?"

"வருவினம். நடுவில இருக்கிற நாங்கள் போனா அவையின்ர நாடு ரெண்டு துண்டு. எங்கட சந்தையும் அவைக்கு வேணும்." சிரித்துவிட்டு, நான் கழுவக் கிடந்த பானைகளைக் காட்டினார்.

போகிறவனுக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். மிஞ்சுகிறவனுக்கும் இருக்கிறதாம். மெட்ரோவில் வரும்போது இதே யோசனை.

வீட்டில் நண்பன் தனக்கு மட்டும் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தான். மற்றவன் பக்கத்தில் வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றான்.

"மச்சான், குக்கர் என்ர. எப்ப சோறு போடுறது எண்டதை இனி நாங்கள் ரெண்டு பேரும்தான் முடிவெடுப்பம். உனக்கு வோட்டு இல்லை."

"பரவாயில்லை. கறி என்ர. வெறுஞ்சோத்துக்கு வோட்டுப் போட்டுத் தின்னுங்கோ."

மற்றவன் என்னைப் பார்த்த பார்வையில், பேச்சுவார்த்தையை நானே கெடுத்துவிட்டது தெரிந்தது. குரலை இறக்கினேன்.

"சரியடா. நீ கூட்டில இருக்க நாங்கள் என்ன செய்யவேணும்?"

அவன் கத்தரிக்காயைப் புரட்டியபடி சொன்னான்:

"அங்க வெள்ளையனுக்குக் கழுவுற மாதிரி இங்க என்ர சட்டியையும் கழுவு."