பச்சைத் தண்ணி

எங்கள் கார் ஜப்பானில் செய்தது. எங்களிடம் வந்தபோதே பழசு. என் கணவருக்கு அதுதான் மூத்த தாரம், நான் இரண்டாவது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். சிரிப்பில் பாதி எரிச்சல்தான். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வர, இவர் கீழே கார் நிறுத்துமிடத்தில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். எண்ணெய் பார்ப்பார், பட்டரி பார்ப்பார், பிறகு ஹோஸ் பைப்பைப் பிடித்து மெல்ல மெல்லக் கழுவுவார். கழுவி முடித்ததும் அதே பைப்பில் வாயை வைத்துத் தண்ணீர் குடிப்பார். கொழும்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம். பல்கனியில் நின்று நான் போடும் சத்தம் காலி வீதி வரை கேட்டிருக்கும். அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் ஒரு வாய் குடிப்பார்.

ரேடியேட்டருக்குள் விடுகிற கூலன்டுக்கு அவர் வைத்த பெயர் பச்சைத் தண்ணி. நிறமும் பச்சைதான். ஒருநாள், "இஞ்சேர், பச்சைத் தண்ணி குறைஞ்சு போச்சு. ஒருக்கா பஞ்சிகாவத்தைக் கார்ச் சாமான் கடைக்குப் போட்டு வாறன்" என்றார்.

"பச்சைத் தண்ணிக்கு ஏன் பஞ்சிகாவத்தைக்குப் போவான்? பைப்பைத் திறந்தா வருமே" என்றேன். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வந்த விருந்தாளிகளுக்கும் சொன்னார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கூலன்டுக்கு வேறு பெயர் கிடையாது.

பாரிசவாதம் அவரைச் சவரம் செய்துகொண்டு நின்ற இடத்தில் அடித்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தவை "ஓம்", "இல்லை", "இஞ்சேர்" மட்டும். அவற்றிலும் ஓமும் இல்லையும் சில நேரம் இடம் மாறி வரும். என்னைக் கூப்பிடும் "இஞ்சேர்" மட்டும் பழுதில்லாமல் வந்தது. அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போதவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னோடு வாய்க்கு வாய் காட்டிய மனிதர் அவர். நான் ஒன்று சொன்னால் அவர் பத்துச் சொல்வார். இப்போது நான் சொல்வதெல்லாம் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. சமைக்கும்போது அழுவேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு.

விழுங்குவதும் பழுதாகிவிட்டது. வெறும் தண்ணீர் கொடுத்தால் அது சுவாசப்பைக்குள் இறங்கி நிமோனியாவாக்கிவிடும் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் எச்சரித்திருந்தாள். அதனால் தண்ணீர், தேநீர், சூப் எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். கரண்டியைக் கவிழ்த்தாலும் சட்டென்று விழாது, அவ்வளவு தடிப்பு. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். நான் நேரம் தவறாமல் கரைத்துக் கொடுத்தேன்.

பயிற்சிக்கு நாரஹேன்பிட்டிக்குப் போக வேண்டும். முதலில் ஒரு டிரைவரை வைத்திருந்தோம். அவன் வேலையை விட்டு நின்ற பிறகு நானே ஓட்டத் தொடங்கினேன். என் ஓட்டத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் கால்களைப் பார்ப்பார், டாஷ்போர்டு ஊசிகளைப் பார்ப்பார். ஒருநாள் கிருலப்பனைச் சந்தி நெரிசலில் வெப்பம் காட்டும் ஊசி மேலே ஏறிச் சிவப்பைத் தொட்டது. பொனட்டின் இடுக்கால் ஆவி வந்தது. நான் பதறிப்போய் ஓரமாக நிறுத்தி, பொனட்டைத் தூக்கி, சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தேன். காருக்குள் இருந்து டப் டப் என்று சத்தம். அவர் இடது கையால் டாஷ்போர்டை அடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை! இல்லை! இல்லை!"

அன்றைக்கு அந்தச் சொல் சரியான இடத்தில் வந்தது. சூட்டோடு மூடியைத் திறந்திருந்தால் கொதிநீர் என் முகத்தில் அடித்திருக்கும். கையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கார் ஆறும் வரை இரண்டு பேரும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பயம் போய் ஒரு சந்தோஷம் வந்தது. காரை அவர் மறக்கவில்லை.

ஆறிய பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே பச்சையே இல்லை. பால் விடாத பிளேன் டீ நிறத்தில் ஏதோ கொஞ்சம் கிடந்தது. போத்தல் தண்ணீரை விட்டு ஒருமாதிரி வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று பின்னேரம் அவரைச் சக்கர நாற்காலியில் பல்கனிக்குக் கொண்டுவந்து விட்டேன். கீழே எங்கள் கார் நின்றது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணி, உதடு நடுங்கி, பெரிய பாரம் தூக்குகிறவர் போல ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்.

"பச்சை... பச்சைத் தண்ணி."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு புதுச் சொல். அதுவும் எங்கள் வீட்டுச் சொல். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். லண்டனில் இருக்கும் மகளுக்கு உடனே போன் எடுத்து, "அப்பாக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு பிள்ளை. காருக்குக் கூலன்ட் வாங்கச் சொல்லுறார்" என்றேன். அவளும் அழுதாள்.

அதற்குப் பிறகு காலையிலும் சொன்னார், சாப்பாட்டு நேரத்திலும் சொன்னார். நான் கூழ்த் தண்ணீரைக் கரண்டியில் நீட்டினால், வாயை இறுக்கிக்கொண்டு, "பச்சைத் தண்ணி" என்பார்.

"ஓம், ஓம். மறக்கேல்லை. வாங்குவம். இப்ப இதைக் குடியுங்கோ."

அவர் என்னையே பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். நான் தலையைத் தடவிவிடுவேன்.

அந்த வாரமே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். உதிரிப்பாகக் கடைகளுக்குள் இவ்வளவு காலமும் நான் கால் வைத்ததில்லை. முஸ்லிம் முதலாளி ஒருவர் கடை வாசலில் நின்றவர், என்னைப் பார்த்ததும் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"பச்சயும் ஈக்கி, செவப்பும் ஈக்கி. எது வேணும் மிஸ்?"

"பச்சை" என்றேன், பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வந்தவள் போல. காரின் பெயரையும் வயதையும் சொன்னேன்.

"அந்தக் காலத்து வாகனம்தானே, பச்ச சரி. இப்ப உள்ளுக்கு என்ன கலர்ல ஈக்கி?"

"பிளேன் டீ கலர்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப அது கூலன்ட் இல்ல மிஸ், துரு. ஆரோ வெறும் தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டீக்கிறாங்க."

அந்த டிரைவர்தான். அவனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

"கலர மட்டும் பாத்து வாங்க வாணாம். கலர் சாயம்தான். ஒரு கம்பனி பச்சயில போடுறத இன்னொரு கம்பனி செவப்புல போடும். பின்னுக்கு எழுதீக்கிறத வாசிச்சுப் பாருங்க, பழைய வாகனத்துக்கெண்டு ஈக்கும். ஒண்ட ஒண்டோட கலக்க மட்டும் வாணாம். உள்ளுக்கு களி மாதிரி கட்டிப்பட்டுரும்."

கட்டிப்பட்ட தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே ஊற்றுகிறது ஒன்று, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றுகிறது ஒன்று என்று இரண்டு காட்டினார். எங்கள் வீட்டு அலுமாரியின் அடியில் கிடந்த வெறும் போத்தல்கள் இரண்டாவது வகை. அதையே எடுத்தேன். கலப்பதற்கு பட்டரிக்கு விடும் சுத்தத் தண்ணீரும் வாங்கினேன். முதலில் வெறும் தண்ணீரை விட்டு, அது தெளிந்து வரும் வரை கழுவச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பச்சைப் போத்தலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த பரிசு எதையும் இவ்வளவு சந்தோஷத்தோடு வாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை லிஃப்டில் கீழே இறக்கி, காருக்கு முன்னால், நிழலில் நிறுத்தினேன். எங்கள் கட்டிடத்து வாச்சர் உதவிக்கு வந்தார். சிங்களவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் காரின் கீழே படுத்து ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தினார். துருத் தண்ணீர் கீழே வைத்த பேசினுக்குள் கொட்டியது. நான் ஹோஸ் பைப்பால் மேலே வெறும் தண்ணீரை விட்டேன். மூடி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி திறந்துவிட்டோம். திரும்பவும் விட்டோம். ஒவ்வொரு முறையும் நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் கீழே விழுந்த தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பச்சைப் போத்தலைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். "இந்தாங்கோ, உங்கட பச்சைத் தண்ணி. பாத்துச் சொல்லுங்கோ, சரிதானே?"

அவர் இடது கையால் அதைத் தள்ளிவிட்டார். போத்தல் சிமெந்துத் தரையில் உருண்டு போனது.

"என்ன இது? நீங்கள்தானே கேட்டனீங்கள்! பஞ்சிகாவத்தை வரைக்கும் போய் வாங்கி வந்தனான்!" என்று கத்தினேன். என் மற்றக் கையில் ஹோஸ் பைப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கையை அதன் பக்கம் நீட்டினார்.

"பச்சைத் தண்ணி" என்றார். அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

வாச்சர் காருக்குக் கீழேயிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "மஹத்தயாட்ட வத்துர ஓனே, நோனா" என்றார். ஐயாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம். வாச்சருக்கு எங்கள் சொல் விளங்கவில்லை, அதனால் கையைப் பார்த்தார். நான் சொல்லைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பச்சைத் தண்ணி குடிக்காதேங்கோ. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பல்கனியிலிருந்து நான் போட்ட சத்தம் அதுதான். அவர் தேடியெடுத்துக் கொண்டுவந்தது காருடைய சொல் இல்லை, என்னுடைய சொல். அந்தக் கூழைக் கண்ட நேரமெல்லாம் ஒரு வாய் தெளிந்த தண்ணீர் கேட்டிருக்கிறார். நான் ஓம், ஓம், வாங்குவம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கும் என்னால் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் நிமோனியா. அவருக்கு முன்னால் முழங்காலில் நின்று, "விளங்கீற்றுது. எனக்கு இப்ப விளங்கீற்றுது" என்று மட்டும் சொன்னேன். கைக்குட்டையை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றினேன். அவர் அந்தத் துணியைப் பல்லால் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நானும் இழுக்கவில்லை. வாச்சர் மறுபக்கம் திரும்பி நின்றார்.

பிறகு கூலன்டை விட்டோம். பாதிக்குப் பாதி கலந்து, மெல்ல ஊற்றி, காற்றுக் குமிழ் அடங்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்பினேன். மிஞ்சிய பச்சையைப் பூனைகள் நக்காத இடத்தில் பூட்டி வைத்தேன், அது இனிக்கும், நஞ்சு என்று அவர் எப்போதும் சொல்வார். பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் அழுது கேட்டுப் பார்த்தேன். இப்போதைக்கு ஈரத் துணி மட்டும் என்றாள். அவர் அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது என்று விட்டுவிட்டாரோ, களைத்துப் போனாரோ. எனக்குத் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க நெரிசல். வெப்பம் காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது. அவர் அதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சில நாட்களில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். இனிக் கட்டுப்பாடு ஒன்றும் வேண்டாம், அவருக்கு விருப்பமானதைக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். மாடிக்கு ஏறவில்லை. கார் நிறுத்துமிடத்துப் பைப்பைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பினேன்.

தலையணையை உயர்த்தி, கரண்டியில் கொஞ்சமாக எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றேன். "பச்சைத் தண்ணி. கீழ்ப் பைப்பிலை பிடிச்சது. கொதிக்க வைக்கேல்லை. குடியுங்கோ."

பாதி தாடையால் வழிந்தது. மீதியை விழுங்கினார். நான் துடைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு வாய்க்கு அவர் வாயைத் திறந்தார்.