சிவகாசிக்குக் கொண்டுபோன லாவெண்டர் பெட்டி

காலை 5.40. காரியாபட்டி பேருந்து நிலையம். அருப்புக்கோட்டை வண்டி பத்து நிமிடம் தாமதம். என் கையில் ஒரு துணிப்பை, மடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் மதுரையில் வாங்கிய டிஃப்யூசர். தண்ணீர் ஊற்றி, மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, பொத்தானை அழுத்தினால் வாசனைப் புகை வரும். விலை 1,450 ரூபாய். லாவெண்டர் எண்ணெய் தனி. பத்து மில்லி 480 ரூபாய். அந்த விலையில் நல்லெண்ணெய் ஒரு லிட்டருக்கு மேல் கிடைக்கும் என்று சொன்னேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். "படுக்கையறை ஜன்னலை நல்லா மூடிடணும் சார். லைட்டை அணைச்சிடணும். அரை மணி நேரத்துல குழந்தை மாதிரி தூங்கிடுவாங்க."

தூங்க வேண்டியவள் என் மகள் எஸ்தர். சிவகாசியில் ஒரு மருத்துவமனையில் தீக்காய வார்டில் நர்ஸ். இரவு வேலை. பகலில் தூக்கம் வருவதில்லை. போன வாரம் வேலை முடிந்து திரும்பும்போது ஸ்கூட்டரிலேயே கண்ணயர்ந்து, ஒரு பஞ்சர் கடைச் சுவரில் மோதியிருக்கிறாள். தாடையில் நான்கு தையல். சுவரோரம் அடுக்கியிருந்த டயர்கள் தாங்கிக்கொண்டன. அடுத்த முறை டயர் இருக்குமா, லாரி இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் இந்தப் பயணம்.

7.30. அருப்புக்கோட்டை வழியாக வந்து, விருதுநகரில் மறுபடி வண்டி மாறினேன். சிவகாசி இருபத்தாறு கிலோமீட்டர். பெட்டியை மேல் தட்டில் வைக்கச் சொன்னார் நடத்துநர். கண்ணாடிப் புட்டி இருக்கிறது, வைக்க மாட்டேன் என்றேன்.

"என்னய்யா அப்பிடி பெட்டி? எல்லாரும் சிவகாசியிலருந்துதான் பெட்டி கட்டிக்கிட்டுப் போவாக. இங்கனருந்து கொண்டு போற மொத ஆளு நீங்கதான்."

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். மடியில் தூக்குவாளி, விரல் நகங்களில் வெள்ளிப்பொடி. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள்.

"உள்ள என்னய்யா இருக்கு?"

"வாசனை எண்ணெய். மகளுக்குத் தூக்கம் வருவதற்கு."

"வாசனைக்குத் தூக்கம் வருமாக்கும்! எங்க வீட்டுக்காரரு ராத்திரி உள்ள வந்தா வர்ற வாசனைக்கு எனக்கு இருக்குற தூக்கமும் போயிருது."

பாதி வண்டி சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திருத்தங்கல் தாண்டியதும் சாலையோரப் பட்டாசுக் கடைகளை எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்றில் ஒரு லாரி வந்து மறைத்துவிட்டது.

8.40. மகள் வீடு ஒரு அச்சகத்தின் மாடி. மாப்பிள்ளை ஜெபராஜ் கீழே அதே அச்சகத்தில்தான் மேற்பார்வை. காலண்டர் சீசன், மிஷின் நிற்பதே இல்லை. படியேறும்போதே மையும் மண்ணெண்ணெயும் மூக்கில் ஏறின.

"வாங்க மாமா. சாப்பிட்டீகளா?"

"இந்த நாற்றத்தில் எப்படித் தூக்கம் வரும் மாப்பிள்ளை?"

"நாத்தமா? அடுத்த வருசத்து சாமி எல்லாம் கீழதான் மாமா காயுது. சாமி குத்தம் ஆயிரும்."

எதற்கும் ஒரு வேடிக்கை அவருக்கு. அச்சகத்திலிருந்து பழுப்பு நிற ஒட்டுநாடா ஒரு சுருள் வாங்கிவரச் சொன்னேன். படுக்கையறை ஜன்னல் அச்சகத்துக்கு நேர் மேலே திறக்கிறது. அதைச் சாத்தி, இடுக்கு விடாமல் நாடா ஒட்டினேன். கதவின் அடியில் பழைய போர்வையைச் செருகினேன். தண்ணீர் ஊற்றி மூன்று சொட்டு விட்டேன். நான்காவது விழுந்துவிடாமல் புட்டியை நிமிர்த்தினேன். விளக்கை அணைத்தேன். பத்து நிமிடத்தில் அந்த அறை சிவகாசியில் இருப்பதாகவே தெரியவில்லை. எனக்கே கண் சொருகியது.

ஒன்பதரை மணிக்கு எஸ்தர் வந்தாள். "எப்பப்பா வந்தீக?" என்று கேட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போனாள். வார்டு உடுப்போடு எதையும் தொடமாட்டாள். கண்ணுக்குக் கீழே கருமை, தாடையில் பிளாஸ்திரி. ஈரத்தலையோடு வந்தவளிடம், "உள்ளே போய்ப் படு, பார்" என்று மட்டும் சொன்னேன்.

கதவைத் திறந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். அங்கேயே நின்றாள். பிறகு திரும்பிக் குளியலறைக்கு ஓடினாள். காலையில் குடித்த டீ அத்தனையும் வாந்தியாக வந்தது.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "யாருப்பா வார்டக் கொண்டாந்து இங்கன வச்சது?"

எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை முகத்தில் வேடிக்கை போய்விட்டது.

"இதே பெட்டிப்பா. இதே லாவெண்டரு. எங்க வார்டுல மூணு ஓடுது. ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரரு வாங்கிக் குடுத்தது."

"நோயாளிகள் தூங்குவதற்கா?"

"அவுகளுக்கு எங்க தூக்கம்? பாக்க வர்ற சனத்துக்குப்பா. வெந்த ஒடம்பு வாடை தாங்காம மூக்கப் பொத்திருவாக. பொண்டாட்டி மூக்கப் பொத்துறதப் படுத்திருக்குறவரு பாத்துட்டா அன்னையிலருந்து சாப்பிட மாட்டாரு. அதுக்குத்தான் அம்புட்டு வாசன."

"தெரியாமல் செய்துவிட்டேன்" என்றேன்.

"நல்லதுக்குத்தான செஞ்சீக" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் நாடாவைப் பிய்க்கத் தொடங்கினாள். நான் ஒட்டிய நாடா, லேசில் வருமா? கத்தியை வைத்துக் கிழித்தோம். ஜன்னலைத் திறந்து மின்விசிறியை முழு வேகத்தில் விட்டோம். வாசனை போகவில்லை. தலையணையில் ஏறியிருந்தது, கொசுவலையில் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு, கூடத்தில் பாய் விரித்தார் மாப்பிள்ளை, படிக்கட்டுப் பக்கமாக, மையும் மண்ணெண்ணெயும் மேலே வரும் இடத்தில். இரண்டு வருடமாக அந்த வாடையில்தான் கொஞ்சமாவது கண்ணயர்கிறாளாம். நான் அடைத்தது அதைத்தான்.

அவள் படுத்தபோது மணி 10.50.

நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காவல் காத்தேன். கதவைத் தட்டப் போன சிலிண்டர்காரரைக் கையைக் காட்டி நிறுத்தினேன். கீழே யாரோ உரக்கப் பேசியதற்கு இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். 11.40க்குத்தான் அவள் மூச்சு சீரானது.

12.25க்கு அவளுடைய செல்பேசி அடித்தது. நான் எடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் தீ. ஆறு பேரைக் கொண்டுவருகிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்களும் வர வேண்டும்.

"நீ போகாதே. ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை" என்றேன். "காரியாபட்டிக்கு வந்துவிடு. அங்கே கிளினிக் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்."

"வாறேன்ப்பா. இந்த ஆறு பேரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போகட்டும், வாறேன்." தலையை வாரிக்கொண்டே சொன்னாள். போன முறை கேட்டபோதும் இதையேதான் சொன்னாள். அப்போது நான்கு பேர்.

ஸ்கூட்டர் சாவியை மாப்பிள்ளை கொடுக்கவில்லை. "பின்னால ஏறு. தூங்கிக்கிட்டே வேணும்னாலும் வா." அவர் தோளில் தலை வைத்தபடி போனாள். வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி என்னிடம் ஒன்று சொன்னாள்: "அப்பா, அந்தப் பெட்டியக் கையோட எடுத்துட்டுப் போயிருங்க. கோவிச்சுக்கிறாதீக."

மாலை 4.10க்கு விருதுநகர் வண்டி. எதிரே சைரனோடு இரண்டு ஆம்புலன்ஸ்கள் போயின. வண்டியில் இருந்தவர்கள் எந்தக் கம்பெனி, எந்த ஊர் ஆள் என்று விசாரித்தார்கள். ஒருத்தி தன் தம்பிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். வண்டி திருத்தங்கல் வந்தபோது அவன் எடுத்துவிட்டான். "ஏலே, எங்கனலே தொலைஞ்ச?" என்று அவள் திட்டிய திட்டில் மொத்த வண்டியும் மூச்சு விட்டது. அதன் பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்த ஆறு பேர் யார் வீட்டு ஆட்களோ.

இரவு 7.45க்கு காரியாபட்டி வந்தேன். இந்த ஊரில் வெள்ளரிக்காய், வைக்கோல், டீசல் தவிர வேறு வாடை கிடையாது. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று மதுரைக் கடையில் பலகையே வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்த பொருள் சும்மா கிடக்கலாமா என்று படுக்கும்போது என் அறையில் அதை ஓடவிட்டேன். நல்ல வாசனை. கடைக்காரப் பெண் பொய் சொல்லவில்லை. விடியும்வரை ஒருமுறைகூட விழிக்கவில்லை. எத்தனையோ வருடங்களில் இப்படித் தூங்கியதில்லை.

காலையில் எஸ்தருக்குப் போன் செய்தேன். அப்போதுதான் வார்டிலிருந்து வெளியே வந்திருந்தாள். ஆறு பேர் நான்காகிவிட்டார்கள் என்றாள்.

"பஸ்ஸுல அலஞ்சது ஒடம்பு வலிக்குதாப்பா? ராத்திரி தூங்குனீகளா?"

"எங்கேம்மா, பொட்டுத் தூக்கம் இல்லை" என்றேன்.