ரிசைனும் ரீசைனும்

என் வேலையைப் பறிக்கப் பார்த்தது ஒரு சின்னக் கோடு. இரண்டு எழுத்துக்கு நடுவில் வர வேண்டிய கோடு. நான் அதைப் போடவில்லையாம். அந்தக் கோட்டை ஏதோ என் அப்பன் வீட்டில் ஒளித்து வைத்த மாதிரி அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

செம்பூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கப்பலில் சரக்கு அனுப்பிக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீஸ். எந்தக் கன்டெய்னரில் என்ன போகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று பேப்பர் தயார் செய்வது என் வேலை. தாராவியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நானும் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து அச்சு எழுத்தின் மேல் ஏறிவிட்டது. அடுத்த நாள் காலை ஹெச்.ஆர். மேடம் வாட்ஸ்அப்பில் சொன்னார், மூன்றாம் பக்கம் சைன் தெளிவாக இல்லை என்று.

நான் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், தோளில் யாருடைய டிபன் பையோ இடித்துக்கொண்டிருந்தது. பெருவிரலால் பதில் அடித்தேன். “ஓகே மேடம். ஐ வில் ரீசைன் டுடே.”

மறுபடி நிரப்பினால் ரீஃபில். மறுபடி அனுப்பினால் ரீசென்ட். மறுபடி பார்த்தால் ரீசெக். இதெல்லாம் இங்கிலீஷ் என்றால், மறுபடி சைன் போடுவது மட்டும் என்ன பாவம் செய்தது? அன்று மத்தியானமே அந்தப் பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டு மேடம் மேஜையில் வைத்துவிட்டு, வந்து என் தயிர்சாதத்தைத் தின்றேன்.

மறுநாள் காலை மெயில் வந்தது. என் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். மாதக் கடைசியோடு நான் போகலாமாம். என் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகளாம். வாழ்த்து வேறு! எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டது என்று நினைத்து மேடத்திடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. என் மெசேஜைத் திறந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“தும்னே குத் லிக்கா ஹை நா?” என்றார். நீயேதானே எழுதினாய் என்று அர்த்தம்.

ஆர், ஈ, எஸ், ஐ, ஜி, என். நானேதான் எழுதியிருந்தேன். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் நான் எழுதியதை அவர் படிக்கவில்லை, தனக்கு வேண்டியதைப் படித்திருந்தார். போன மாதம்தான் சனிக்கிழமை முழு நாள் வேலைக்குக் கூடுதல் சம்பளம் உண்டா என்று மீட்டிங்கில் கேட்டிருந்தேன். கேட்டவள் நான் ஒருத்திதான். அந்த நேரத்தில் என் மெசேஜ் அவருக்கு அல்வாத் துண்டு மாதிரி வாய்க்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறது.

எனக்குப் பயம்தான், பொய் சொல்வானேன். என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கிற பட்டறையில் இருக்கிறார். ஆர்டர் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் மட்டும்தான். இது போனால் மகளின் ஸ்கூலும் போகும். அதைச் சொல்லித் தன் காலில் விழுவேன் என்று மேடம் எதிர்பார்த்திருப்பார். விழவில்லை.

ஆபீஸில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் உண்டு. கணக்குப் பார்க்கிற சார், மாட்டுங்காக்காரர், பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். எங்கள் ஆபீஸின் இங்கிலீஷ் போலீஸ் அவர்தான். நான் ஸ்டேஷனரி கேட்டு எழுதினால், “ஏம்மா, இதுலே ‘ஏ’ போட்டா வண்டி நின்னுடும். ‘ஈ’ போட்டாத்தான் பேப்பரும் பென்சிலும் வரும்” என்பார். ஒரு தடவை ஃபைல் தொலைந்துவிட்டது என்பதற்கு லூஸ் என்று இரண்டு ‘ஓ’ போட்டு எழுதிவிட்டேன். “ஃபைல் தொளதொளன்னு ஆயிடுத்தா?” என்று சாயங்காலம் வரை சிரித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சிரித்துவிட்டுத்தான் உதவி செய்வார்.

“என்னம்மா இது, இப்படி எழுதி வெச்சிருக்கியே! நடுவுல ஒரு ஹைஃபன் போட்டிருந்தா பொழைச்சிருப்பியே!” என்று என் மெசேஜைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மேடத்திடம் எனக்காகப் பேசிவிட்டு வந்து, அழகான இங்கிலீஷில் ஒரு லெட்டர் அடித்துக் கொடுத்தார். என் ஆங்கில அறிவுக் குறைவால் நேர்ந்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், என் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன், இப்படிக்கு என்று முடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

“நான் குடுக்கவே இல்லையே சார். குடுக்காததை எப்படித் திரும்ப வாங்குறது?”

“அதெல்லாம் ஆபீஸ் பாஷைம்மா. கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு அட்ஜஸ்ட் பண்ணிண்டு போ.”

வாங்கி என் டிராயரில் போட்டேன். கையெழுத்துப் போடவில்லை. அறிவுக் குறைவு யாருக்கு? வேலையை விடுவதற்கும் திரும்பக் கையெழுத்துப் போடுவதற்கும் அதே ஆறு எழுத்தை வைத்தது நானா? தாராவியில் நான் படித்த முனிசிபல் ஸ்கூலில் முதலில் சொல்லிக் கொடுத்ததே குறில் நெடில்தான். விடு என்றால் விடு. வீடு என்றால் வீடு. மேலே ஒரு சுழி, அவ்வளவுதான், ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகூட மாற்றிப் படிக்காது. ரிசைன் என்றால் விட்டுவிட்டுப் போவது, ரீசைன் என்றால் திரும்பப் போடுவது. நான் நெடிலைத்தான் எழுதினேன். அதைக் காட்ட அந்த மொழியில் எழுத்து இல்லை என்றால் அதற்கு நானா மன்னிப்புக் கேட்பது?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். தாராவிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் திருநெல்வேலிப் பேச்சு அப்படியே இருக்கிறது. கருவாட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, நீ வேலைய விடுதேன்னு சொன்னியா, சொல்லலியா?”

“சொல்லலம்மா.”

“பெறவு என்னத்துக்குட்டி மன்னிப்பு? போயி ஒன் சீட்டுல இரி. எவ வந்து எழுப்புதான்னு பாப்போம்.”

மாதம் முடிந்தது. மறுநாளும் வழக்கம்போல் பஸ் ஏறினேன். வாசலில் விரல் வைக்கிற மிஷின் என் விரலை ஒப்புக்கொள்ளவில்லை. “ப்ளீஸ் ட்ரை அகெய்ன்” என்றது. அதைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன் சவமே என்று திட்டிவிட்டு, பின்னால் வந்த ஆபீஸ்காரரோடு சேர்ந்து உள்ளே நுழைந்தேன். என் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயத்தில் மேஜையைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

முதலாளி வந்ததும் நேரே அவர் ரூமுக்குப் போய் நின்றேன். மேடமும் பின்னாலேயே வந்துவிட்டார்.

“சேட்ஜி, நௌக்ரி சோட்னே வாலா ‘ஓகே மேடம்’ போல்கே சோட்தா ஹை க்யா?” என்று கேட்டேன். வேலையை விடுகிறவள் ‘ஓகே மேடம்’ சொல்லியா விடுவாள்? என் போனையும் நீட்டினேன். மூன்றாம் பக்கத்தைப் பற்றி மேடம் அனுப்பிய செய்தி மேலே இருந்தது, என் பதில் அதற்கு நேர் கீழே. இரண்டையும் படித்துவிட்டு அவர் மேடத்தைப் பார்த்தார்.

“இதனால்தான் இத்தனை குழப்பம், இந்த அக்ரிமென்டே வேண்டாம். புதுசா அடித்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. இவளிடமும் வாங்கு” என்றார்.

“முதலில் மன்னிப்பு லெட்டர் கொடுக்கட்டும்” என்றார் மேடம். முதலாளிக்கு அதற்குள் போன் வந்துவிட்டது. ஏதோ செய்யுங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் மேடம் சட்டம் போட்டார். லெட்டர் வந்தால்தான் பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் வந்தால்தான் வேலை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. “ஒரு கையெழுத்துதானேம்மா” என்று மாட்டுங்கா சார் கெஞ்சினார். ஒரு கையெழுத்துக்காகத்தான் சார் இத்தனையும் என்றேன். அந்த வாரம் முழுக்க இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் முகம் அதில் தெரியும். முறைத்துக்கொண்டே இருப்பேன்.

வார முடிவில் புது அக்ரிமென்ட் எல்லோர் மேஜைக்கும் வந்தது. எல்லோரும் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் தேதி தப்பாக அச்சடித்திருக்கிறதாம். திரும்ப அடித்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் சீட்டுக்கு வந்தபோது ஆபீஸ் குரூப்பில் மேடத்தின் செய்தி வந்து விழுந்தது. எல்லா மேஜையிலும் ஒன்றாக டிங் என்றது.

இங்கிலீஷில் இருந்தது. ஊழியர்கள் அனைவரும் இன்று ஐந்து மணிக்குள் ரிசைன் செய்ய வேண்டும். சாக்குப்போக்கு ஏற்றுக்கொள்ளப்படாது.

ஆர், ஈ, எஸ், ஐ, ஜி, என். கோடு இல்லை.

முதலாளியும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். ரூம் கதவைத் திறந்துகொண்டு போனும் கையுமாக ஓடி வந்தார். “எல்லாரும் போகிறீர்களா? யார் போகச் சொன்னது?”

நான் அவசரப்படவில்லை. குரூப்பில் தமிழிலேயே அடித்தேன்.

“குறிலா மேடம், நெடிலா?”

குரூப்பில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவர்தான். மாட்டுங்கா சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு நிமிஷம் பிடித்தது அவருக்கு. பிறகு நாற்காலியே ஆடுகிற மாதிரி சிரித்தார். முதலாளிக்கு அவரே ஹிந்தியில் விளக்கினார், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இவள் கம்ப்யூட்டரைத் திறந்து விடு” என்று மேடத்திடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் டிராயரைத் திறந்து அந்த மன்னிப்பு லெட்டரை எடுத்தேன். ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிற வரியை மட்டும் பேனாவால் கோடு போட்டு அடித்தேன். ஆங்கில அறிவுக் குறைவு, பிழை, மன்னிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. கையெழுத்துக்கு விட்ட இடமும் காலியாகத்தான் இருந்தது. கொண்டுபோய் மேடத்தின் முன்னால் வைத்து, பேனாவையும் மூடி கழற்றி வைத்தேன்.

“யே க்யா ஹை?” என்றார் மேடம். இது என்ன என்று.

“ரிசைனும் வேண்டாம், ரீசைனும் வேண்டாம் மேடம்” என்றேன் ஹிந்தியில். “வெறும் சைன் போதும்.”