கல்லறைக்குள் நான் போட்ட முத்து

மண்ணெண்ணெயில் ஈய எழுத்தைக் கழுவுகிற வாசம்… அதோடு துறைமுகத்து உப்புக்காற்று. இரண்டும் சேர்ந்தால் எனக்கு இருபது வயசு.

இப்போது தொண்ணூற்றேழு. பல் போயிற்று, வாய் போகவில்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் அடிக்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு சின்ன அச்சாபீஸில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அப்போது ஒரு பொது அறிவுப் புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சடித்தோம். அதில் பழைய எகிப்து கட்டுரை ஒரே கந்தல்.

அதைச் செப்பனிட வந்தவர் காயல்பட்டினத்து மீரான் காக்கா. அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கெய்ரோவில் பத்து வருஷம் கடை வைத்திருந்தவர். ஓய்ந்த நேரமெல்லாம் மியூசியத்துக்குப் போய், பார்த்ததை நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு ராஜா பெயரில் சந்தேகம் வந்தால் கெய்ரோவுக்குக் கடுதாசி போடுவார். பதில் வரும்வரை அந்தப் பக்கம் நகராது.

"காக்கா, அவன் செத்து நாலாயிரம் வருசமாச்சு. கோவிச்சுக்கவா போறான்?" என்பேன்.

"அவன் எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாம்லே. அதான் பயமா இருக்கு."

ஒருநாள் அவர் எழுத்தில் ஒரு வரி… பிரமிடு காலத்து ராஜாக்களின் கல்லறையில் தங்கம் உண்டு, நீலக்கல் உண்டு, முத்து கிடையாது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அப்பா முத்துக் குளித்தவர். இரண்டு காதையும் கடலுக்குக் கொடுத்தவர். முத்தில்லாமல் ஒரு ராஜாவா?

காக்கா கடைசிப் புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும், அந்த வரியைப் பிரித்தேன். 'பிரமிடு கட்டிய ராஜாவின் கழுத்தில் கிடந்தது தூத்துக்குடி முத்து' என்று கோத்தேன். அச்சேறும் முன் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. கொழுப்பு…

புத்தகம் வந்தது. பாதி கொழும்புக்குத் தோணி ஏறிய பிறகுதான் காக்கா அதைப் படித்தார்.

"ஏலே அந்தோணி, இது யாரு வேலை?"

"நம்ம ஊருக்குப் பெருமைதான காக்கா" என்று இளித்தேன்.

"நம்ம ஊருக்குத்தான் நெச முத்தே கெடக்கே. பொய் எதுக்குல?"

அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை. மிச்சமிருந்த பிரதிகளை மடியில் வைத்து, ஒவ்வொன்றிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். மை காய ஊதினார். அடுத்ததை எடுத்தார். பிறகு நோட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். சாகும்வரை அச்சாபீஸ் பக்கம் வரவில்லை. ஒரு வரியும் எழுதவில்லை.

போன மாதம் பேத்தி செல்போனில் எகிப்து கட்டுரை ஒன்றைக் காட்டினாள். "தாத்தா, நம்ம ஊரு பேரு இருக்கு!"

என் வரி. அப்படியே. கீழே ஆதாரமாக அந்தப் புத்தகம், மீரான் காக்கா பெயரோடு.

எல்லாருமே திருத்தலாமாமே… திருத்தச் சொன்னேன். அரை மணியில் பழையபடி வந்துவிட்டது. மூன்று தடவை. நான்காம் தடவை பேத்தியையே உள்ளே விடவில்லை. 'அச்சில் வந்த ஆதாரம் இருக்கிறது' என்று பதில்.

அப்போது ஒரு பாட்டில் மை போதவில்லை. இப்போது எதைக் கொண்டு அடிப்பது?

"கோத்தவன் நான்தான், உயிரோடு இருக்கிறேன்னு எழுதும்மா" என்றேன்.

எழுதினாள். அதற்கும் அச்சில் ஆதாரம் கேட்கிறார்கள்.