விருது மேடையில் டீச்சர் சொன்ன வார்த்தை

சேதியைக் கேட்டதும் பாக்கியவதி டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெட்ட சேதி ஒன்றும் இல்லை. விருது கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் சின்னத்திரைக்காரர்கள் வருஷா வருஷம் நடத்தும் விழாவில் சிறந்த வட்டார வழக்கு ஆலோசகர் அவர்தானாம். சின்ன வயசில் சண்டே ஸ்கூல் பைபிள் வசனப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் டம்ளரை விட்டால், ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வருகிற முதல் பரிசு இது. வேறு யாராக இருந்தாலும் தெருவுக்கே லட்டு கொடுத்திருப்பார்கள்.

டீச்சர் பிறந்தது ராதாபுரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டையில். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷமாகத் தமிழ் நடத்துகிறார். ஒரு கெட்ட வார்த்தை கலக்காமல் ஒரு மனிதனை அரை மணி நேரம் திட்டக்கூடியவர் என்று ஊருக்குள் அவருக்குப் பேர் உண்டு. அந்தப் பேர்தான் அவரை இந்த வம்பில் கொண்டு விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முக்கூடலில் பஸ் ஏறியபோது, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று சீட்டு பிடித்த ஒரு ஆளை இறங்கும்வரை விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினார். பின் சீட்டில் சங்கர் என்று ஒரு சென்னைப் பையன் இருந்தான். சீரியல் படப்பிடிப்புக்கு ஆற்றங்கரையில் வீடு தேடி வந்த இணை இயக்குநர். டீச்சர் திட்டிய திட்டில் சொக்கிப்போய், இறங்கும்போது போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வேலை என்னவோ சுலபம்தான். வசனம் வாட்ஸ்அப்பில் வரும். அதை நம் ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று டீச்சர் பேசி அனுப்புவார். அங்கே இரண்டு நீலக் கோடு விழும். அதோடு சரி. சீரியலில் ஒரு எழுத்துகூட மாறாது. அவர்களுக்குத் தெரிந்த நெல்லைத் தமிழ் இரண்டே வார்த்தை: ஒன்று பொடிப்பயல்களைக் கூப்பிடுகிற ஏலே, இன்னொன்று வே. அதைச் சாம்பாரில் பெருங்காயம் போடுகிற மாதிரி எல்லா வாக்கியத்திலும் போட்டுக் கலக்கினார்கள். ‘பொருநைக்கரை மருமகள்’ என்று சீரியலுக்குப் பேர். அதில் அந்த மருமகள், கிழவராகிய தன் மாமனாரைப் பார்த்து, “ஏலே மாமா, சாப்பிட வாங்க வே” என்றாள்.

டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எதிர்வீட்டு மைதீன் பாத்திமா மறுநாள் காலையிலேயே வாசலில் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், மாமனாரப் போயி ஏலேங்காளே, நீங்கதான் சொல்லிக் குடுத்தியளா?”

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அதே கேள்வி. மீன் கடையில் அதே கேள்வி. ஸ்டாஃப் ரூமில் கேட்கவே வேண்டாம். கேட்கமாட்டார்களா பின்னே? சீரியல் ஆரம்பிக்கும்போது, ‘நெல்லைத் தமிழ்: பாக்கியவதி அப்பாத்துரை, பாளையங்கோட்டை’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே. புருஷன் பேர், ஊர்ப் பேர் எல்லாவற்றையும் சேர்த்து நாறடித்தார்கள்.

பேரையாவது எடுத்துவிடுங்கள் என்று டீச்சர் சங்கரிடம் கெஞ்சிப் பார்த்தார். “ஐயோ மேடம், உங்க பேர் இருக்கிறதாலதான் ஒரு ஒரிஜினாலிட்டியே” என்றான் அவன். இப்போது அந்த ஒரிஜினாலிட்டிக்குத்தான் விருது.

“வேண்டாம்னு சொல்லிரு பாக்கியம்” என்றார் கணவர் அப்பாத்துரை. தாலுகா ஆபீசில் காலமெல்லாம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். எதையும் வேண்டாம் என்று சொல்வது அவருக்கு லேசு.

“வேண்டாம்னா அது யாருக்குத் தெரியும் அத்தான்? நான் போறேன். மேடையில ஏறி, இது எங்க பேச்சு இல்லன்னு மைக்குல சொல்லுதேன். டிவியில ஊரே பாக்கட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தெரு, கோயில், பள்ளிக்கூடம் ஒன்று பாக்கி இல்லாமல், “சித்திரை ஒண்ணாந்தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியப் போடுங்க. யார் சொல்லிக் குடுத்தான்னு அன்னைக்குத் தெரியும்” என்று சொல்லி வைத்தார்.

டிவியில் போடுவதற்குச் சில நாள் முன்னாலேயே நடந்த விழாவில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். யார் யாரோ ஆடினார்கள், யார் யாரோ அழுதார்கள். பசி தாங்காத அப்பாத்துரை, “இந்தா வந்திருதேன்” என்று சாப்பாட்டு வரிசையைப் பார்க்க எழுந்து போனார். அவர் அந்தப் பக்கம் போகவும் இந்தப் பக்கம் டீச்சர் பேரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. தொகுப்பாளன், மகன் வயசு இருக்கும், மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: “ஏலே பாக்கியவதி மேடம், வாலே வே!”

டீச்சருக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த மரியாதையான பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஐயா, இது எங்க ஊரு பேச்சே இல்ல. மாமனார எந்த மருமக ஏலேன்னு கூப்பிடுதா? நான் நூறு தடவ சொல்லியாச்சு, ஒருத்தரும் கேக்கல. இந்தச் சவத்துக்குப் போயி விருது குடுக்குதிய!”

கூட்டம் விசிலடித்தது. டீச்சர் நெல்லைத் தமிழில் நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். போகட்டும், டிவியில் பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும் என்று டீச்சர் இறங்கி வந்தார். மனசு லேசாக இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சித்திரை ஒண்ணாந்தேதி டீச்சர் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. மைதீன் பாத்திமா பேரப்பிள்ளைகளோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். ஏழே காலுக்கு டீச்சர் திரையில் வந்தார். “ஐயா” என்றார். உடனே காட்சி தாவியது. ஏலே போச்சு, மருமகள் போச்சு, நூறு தடவை சொன்னதும் போச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி.

“இந்தக் கூ...ய்ங் போயி விருது குடுக்குதிய!”

டீச்சர் வாய்க்குமேல் ஒரு கறுப்புப் பட்டையையும் ஒட்டியிருந்தார்கள். அடுத்தது ஊறுகாய் விளம்பரம்.

கூடத்தில் எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாத்திமாதான் மெதுவாகக் கேட்டாள். “டீச்சர், அப்படி என்னத்தச் சொன்னிய?”

“சவம்னு சொன்னேன்!”

பாத்திமா சிரித்துவிட்டாள். “சவமா? அதுக்குப் போயி எவனாவது கூய்ங்னு ஊதுவானா?”

அவள் சொல்வதும் நியாயம்தான். இந்தப் பக்கத்தில் மிக்ஸி ஓடாவிட்டால் சவம், பஸ் வராவிட்டால் சவம், செருப்பு வார் அறுந்தால் அதுவும் சவம். அதைப் போய்க் கெட்ட வார்த்தை என்றால் திருநெல்வேலியில் யார் நம்புவார்கள்? டீச்சர் கணவரைப் பார்த்தார். “நான் சாப்பாட்டு வரிசையிலல்லா நின்னேன்” என்றார் அப்பாத்துரை, தரையைப் பார்த்துக்கொண்டு.

டீச்சர் சங்கருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். வார்த்தை அவன் வாயிலிருந்தே வரட்டும், தான் எடுத்துக் கொடுத்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தார். வாத்தியார் புத்தி.

“சங்கர், மேடையில நான் என்ன வார்த்த சொன்னேன்? அதச் சத்தமாச் சொல்லுங்க.”

“மேடம்... புத்தாண்டு ஸ்பெஷல் பாருங்க, அதான் சேனல்ல மியூட் பண்ணிட்டாங்க.”

“அது கிடக்கட்டும். வார்த்தையச் சொல்லுங்க.”

“விளக்கு வெச்ச நேரம் மேடம். நல்ல நாள் வேற. அம்மா பக்கத்துல இருக்காங்க. அந்த வார்த்தைய நான் எப்படி மேடம் என் வாயால சொல்றது? வெச்சுடறேன் மேடம்.”

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பாத்திமா கடைக்குட்டிப் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பாத்திமா டீச்சர் கையைப் பிடித்து, “விடுங்க டீச்சர். மனுசின்னா கோவத்துல ரெண்டு வார்த்த வரத்தான் செய்யும். நாங்க யாரும் மனசுல வச்சிக்கிட மாட்டோம்” என்றாள்.

அதற்கப்புறம் தெருவிலும் சரி, கோயிலிலும் சரி, அந்த ஏலேயைப் பற்றி ஒருவரும் டீச்சரிடம் கேட்பதில்லை. டீச்சர் வருவதைப் பார்த்தால் மீன்காரர்கூடக் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு, கனிவாகப் பேசுகிறார். ஊர் அவரை மன்னித்துவிட்டது. அதைத்தான் பாக்கியவதி டீச்சரால் தாங்க முடியவில்லை.